லீமன் விழுந்தபோது கணினிகளுக்குத் தெரியாதது

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் திவாலானபோது, தங்கள் பணம் அங்கே எவ்வளவு மாட்டியிருக்கிறது என்று பல வங்கிகளுக்கு உடனே கணக்குச் சொல்ல முடியவில்லை. இவ்வளவு கணினிகள் இருந்தும் ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

தகவல் இருந்தது. ஆனால் ஒரே நிறுவனத்துக்கு ஒவ்வொரு பதிவேட்டிலும் ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு எண். இதற்கு விடையாக எல்இஐ வந்தது: ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உலகெங்கும் ஒரே அடையாளமாக, எழுத்தும் எண்ணும் கலந்த 20 இடக் குறியீடு. 2012இல் அது சர்வதேச ஐஎஸ்ஓ தரமாக வெளியானது. இந்தியாவில் 50 கோடி ரூபாயிலிருந்து தொடங்கும் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் பரிமாற்றங்களுக்கு நிறுவனங்கள் இதைத் தர வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி.

சரி, பெயர்க் குழப்பம் தீர்ந்தது. யார் பிடியில் யார்? இங்கேதான் செமான்டிக் வெப் வருகிறது: தகவல்களின் பொருளைக் கணினிகளே படித்து இணைக்கும்படி எழுதிவைக்கும் முறை. அதன் ஆர்டிஎஃப் என்ற வடிவத்தில் ஒவ்வொரு தகவலும் எழுவாய், உறவு, செயப்படுபொருள் கொண்ட குட்டி வாக்கியம்: ‘க நிறுவனம் ச நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறது.’ இன்னொரு வங்கியின் கோப்பில் ‘ச நிறுவனம் ட நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறது’ என்று இருக்கலாம். அப்புறம், உறவுகளின் விதிகளைக் கணினிக்குச் சொல்லும் ஆவுல் (OWL) மொழியில் ஒரே ஒரு விதி: கட்டுப்பாடு என்பது தொடரும் உறவு. அப்பாவின் முன்னோர் எனக்கும் முன்னோர் என்பதுபோல. உடனே, க நிறுவனத்தின் பிடியில்தான் ட இருக்கிறது என்று கணினியே முடிவுக்கு வருகிறது. எந்தக் கோப்பிலும் எவரும் எழுதாத வாக்கியம் அது! சங்கிலியில் ஐம்பது கண்ணிகள் இருந்தாலும் அந்த ஒரே விதி போதும்.

ஆனால் எல்லா உறவும் இப்படித் தொடராது. ச நிறுவனத்தில் க நிறுவனத்துக்கு 60% பங்கு, ட நிறுவனத்தில் ச நிறுவனத்துக்கு 60% என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால், க நிறுவனத்துக்கு ட நிறுவனத்தில் சேரும் பங்கு 36% மட்டுமே. பாதிகூட இல்லை, ஆகவே பிடி இல்லை என்று நினைத்தால் தவறு. ச நிறுவனத்தின் வாக்குகள் க சொல்கிறபடிதானே விழும்? பங்கு பெருகிக் குறைகிறது, கட்டுப்பாடு குறையாமல் இறங்குகிறது. தரவு மேலாண்மை அமைப்பான இடிஎம் கவுன்சில் உருவாக்கிய, நிதித்துறைக்கான ஃபைபோ (FIBO) என்ற சொற்களஞ்சியம் உடைமையையும் கட்டுப்பாட்டையும் தனித்தனி உறவுகளாக வைத்திருப்பது இதனால்தான். எனக்கு அதில் மிகவும் பிடித்த இடமும் இதுவே.

ஃபைபோ இலவசம். தாய் நிறுவன விவரங்கள் 2017 முதல் சேர்க்கப்பட்டுவரும் எல்இஐ தரவும் இலவசம். நம் நிறுவனப் பதிவாளரிடம் உள்ள பங்குடைமை விவரங்களும் இப்படி, கணினி படிக்கும் வடிவில், கட்டணமின்றி வெளிவர வேண்டும். வாராக்கடனில் கரைவது மக்கள் போட்ட பணம். அந்தக் கடன் எந்தக் குழுமத்தின் பிடியில் போய் முடிகிறது என்று ஒரு கல்லூரி மாணவி தன் மடிக்கணினியிலேயே தேடிப் பார்க்க முடிய வேண்டும்.