ஈற்றில் கசியும் ரத்தமும் சர்க்கரை அளவும்

சர்க்கரை நோயாளிக்குக் கண்ணைப் பரிசோதிக்கிறார்கள், பாதத்தைப் பார்க்கிறார்கள், சிறுநீரகத்துக்கு டெஸ்ட் எழுதுகிறார்கள். வாயைத் திறக்கச் சொல்லி ஈற்றைப் பார்ப்பது அரிது. பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் நாமும் பிரஷை மாற்றிவிட்டு மறந்துபோகிறோம். சர்க்கரை உள்ளவர்கள் அப்படி மறக்கக் கூடாது.

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் பாக்டீரியாக்கள் படலமாகப் படிகின்றன. அதை அகற்றாவிட்டால் என்ன ஆகும்? நார்வேயில் பிறந்த பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு 1965-இல் இதைச் சோதித்து வெளியிட்டது. ஈறு நன்றாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரங்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழன்றது. திரும்பத் துலக்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

ஆறவிடாமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் கதை வேறு. ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய இடைவெளி ஐந்து, ஆறு என்று ஆழமாகிப் பையாக மாறும். பையின் உட்சுவர் முழுக்கப் புண். நோய் முற்றியவரின் வாயில் உள்ள எல்லாப் பைகளையும் விரித்துச் சேர்த்தால் உள்ளங்கை அளவு வரலாம். அவ்வளவு பெரிய புண் தோலில் இருந்தால் ஒரு நாள் பொறுப்போமா?

அந்தப் புண்ணில் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஓயாமல் போராடுகின்றன. அவை சுரக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூகின் 6 போன்ற பொருட்கள் ரத்தத்தில் கலந்து, தசையும் கொழுப்பும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபடி செய்கின்றன. சர்க்கரை ஏறுகிறது. ஏறிய சர்க்கரை வெள்ளணுக்களின் திறனைக் குறைக்கிறது, நுண்குழாய்களைக் கெடுக்கிறது, புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. ஈறு இன்னும் மோசமாகிறது. ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று 1993-இல் எழுதியவரும் அதே லோதான்.

அவருடைய இன்னோர் ஆய்வு நமக்கு நெருக்கமானது. 1970 முதல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், பிரஷ் பழக்கமே இல்லாத 480 ஆண் தொழிலாளர்களை அவர் குழு 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. எல்லோர் பல்லிலும் படலமும், அது இறுகிக் கல்லாகப் படியும் காரையும் இருந்தன. ஆனால் சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது; 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. கிருமி மட்டும் முடிவு செய்வதில்லை, உடல் அதற்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதும் முக்கியம். சர்க்கரை நோய் கெடுப்பது அந்த எதிர்வினையைத்தான்.

இதய நோய்க்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு தெரிகிறது. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று இன்னும் நிறுவப்படவில்லை. சர்க்கரையில் சான்று வலுவானது. ஈற்றுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைந்திருக்கிறது.

அந்தச் சிகிச்சையின் முதல் படி, காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங். அதைச் செய்தால் பல் ஆடும் என்று பலர் அஞ்சி ஒதுங்குகிறார்கள். உண்மையில், பல்லைத் தாங்கும் எலும்பு ஈறு நோயால் முன்பே கரைந்திருக்கும். பற்களை ஒட்டிப் பிடித்திருந்த காரை போனதும் அந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் தானாக வளர்வதில்லை. மிச்சமிருப்பதைக் காரையை எடுத்துவிட்டுத்தான் காப்பாற்ற முடியும்.