முனையைச் சுற்றும் முன்பே பாயைக் குறையுங்கள்

பாய்மரப் படகு கிளப்புகளின் கரையோரப் பயணங்களில் பல ஆண்டுகளாக ஸ்கிப்பராகவும் (படகின் தலைவர்) பயிற்சியாளராகவும் சென்று வருகிறேன். விட்டு விட்டு வேகமாக வீசும் காற்றில் திரும்பத் திரும்ப நான் காணும் தவறு ஒன்றே. பாயைக் குறைக்க வேண்டும் என்பது படகிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் யாராவது ஒருவர் அதை வாய்விட்டுச் சொல்வதற்குள் அரை மணி நேரம் கடந்திருக்கும்.

இதற்கு முதல் காரணம், வானிலை அறிக்கையை நாம் வாசிக்கும் விதம். ‘காற்று 20 நாட்’ (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், ஏறக்குறைய 1.85 கி.மீ.) என்று அறிக்கை சொல்லும்போது அது சராசரி வேகத்தைத்தான் குறிக்கிறது. இடையிடையே வரும் வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடுதலாக, அதாவது 28 நாட் வேகத்தில், இருக்கக்கூடும். காற்றின் வலிமையை நிலைகளாகப் பிரிக்கும் பியூஃபோர்ட் அளவில் 20 நாட் என்பது 5ஆம் நிலை. 28 நாட் 7ஆம் நிலையின் தொடக்கம். பாயின் மீது காற்று செலுத்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அந்த 8 நாட் கூடுதல் வேகம் பாயின் சுமையை ஏறக்குறைய இரு மடங்காக்கிவிடும். அலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அறிக்கையில் வரும் அலை உயரம், எல்லா அலைகளிலும் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப் போல இரு மடங்கு உயரத்தில் வரக்கூடும்.

இரண்டாவது காரணம் பின்காற்று. ஒருமுறை ஐந்து படகுகள் கொண்ட குழுவாகக் காலையில் துறையை விட்டுக் கிளம்பினோம். காற்று பின்னாலிருந்து வீசியது, வெயிலும் இருந்தது, எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். 20 நாட் காற்றில் 6 நாட் வேகத்தில் காற்றோடு சேர்ந்தே ஓடும் படகில் இருப்பவருக்கு 14 நாட் காற்றுதான் உடலில் படும். அதே படகு கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலமுனையைச் சுற்றிக் காற்றை எதிர்நோக்கித் திரும்பும்போது, காற்று சற்றும் கூடாமலேயே ஏறக்குறைய 25 நாட் வேகம் முகத்தில் அறையும். விசைக் கணக்கில் இது மூன்று மடங்குக்கும் அதிகம். போதாததற்கு, முனைகளின் அருகே காற்று நெருக்குண்டு வேகம் எடுக்கும். அங்கே நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடினால் அலைகள் குறுகிச் செங்குத்தாக எழும்.

இவையனைத்தும் எனக்குத் தெரியும். இருந்தும் அன்று நான் காத்திருந்தேன். முன்னால் சென்ற படகு முழுப் பாயுடன் சென்றது. பின்தொடர்ந்த நான்கு படகுகளில் எதுவும் முதலாவதாகப் பாயைக் குறைக்க விரும்பவில்லை. எங்கள் படகில் ஒருவர், “ரீஃப் போட்டுவிடலாமா?” என்று மெல்லக் கேட்டார். பாயின் ஒரு பகுதியை மடித்துக் கட்டி அதன் பரப்பைக் குறைப்பதுதான் ரீஃப். “முனை தாண்டியதும் பார்ப்போம்” என்றேன். அந்தப் பதிலுக்கு நான்தான் பொறுப்பு.

முனையைச் சுற்றியதும் வந்த முதல் வீச்சிலேயே படகு சாய்ந்தது. சுக்கான் நீரில் பிடிப்பை இழந்தது. படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிட்டது. பெரும்பாய் படபடத்த சத்தத்தில் நான் கத்தியது இரண்டடி தள்ளி நின்றவருக்குக்கூடக் கேட்கவில்லை. ரீஃப் கயிற்றை இழுத்தால், அதில் விழுந்திருந்த ஒரு முடிச்சு கப்பியில் சிக்கிக்கொண்டது. பாய்மரத்தின் அடியில் மண்டியிட்டு அந்த முடிச்சை அவிழ்க்கப் போராடிய இளைஞரின் விரல்கள் குளிரில் விறைத்து வெளுத்திருந்தன. கயிற்றைப் பிடிக்கிறோமா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார். துறையில் நின்றபடி மூன்று நிமிடத்தில் முடித்திருக்கக்கூடிய வேலைக்கு அன்று இருபது நிமிடம் ஆனது. அந்த நேரம் முழுவதும் கரை எங்களுக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் இருந்தது. காற்று கரையை நோக்கி அடிக்கும்போது கட்டுப்பாடு இழந்த படகு போய்ச் சேரும் இடம் பாறைதான் என்பதால், கரை கண்ணுக்குத் தெரிவதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒதுங்குவதற்கென்று குறித்துவைத்த துறைமுகத்தின் வாயிலிலும் அத்தகைய காற்றில் அலை உடைந்துகொண்டிருக்கலாம். அதனால் மாற்றுத் துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வாயில் எந்தத் திசையை நோக்கித் திறந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்.

அந்த இளைஞர் முன்தளத்துக்குப் போனபோது பாதுகாப்புப் பட்டையின் இணைப்புக் கயிற்றைக் கொளுவியிருந்தார். அது மட்டும்தான் அன்று நாங்கள் சரியாகச் செய்தது. 6 நாட் வேகத்தில் படகு நொடிக்கு மூன்று மீட்டர் நகரும். விழுந்தவரைக் கவனித்துத் திரும்ப முப்பது நொடி ஆனால், இடையில் 90 மீட்டர் தூரம் விழுந்துவிடும். இரண்டு மீட்டர் அலைகளுக்கு நடுவே அத்தனை தூரத்தில் ஒரு தலை தென்படுவது அரிது. குளிர்ந்த நீரானால் முதல் நிமிடத்தில் மூச்சே வசப்படாது. ஆகவே அறையிலிருந்து படியேறும் முன்பே கொக்கியை மாட்டிவிடுங்கள். படகோரத்துத் தடுப்புக் கம்பியில் மாட்டாமல், தளத்தின் நெடுகே இழுத்துக் கட்டிய நாடாவிலோ உறுதியான வளையத்திலோ மாட்டுங்கள். 1979ஆம் ஆண்டு, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தைத் தாக்கிய புயலில் 15 பந்தய வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் சிலருடைய பட்டையோ அது மாட்டப்பட்டிருந்த பிடிமானமோ முறிந்துபோயிருந்தது.

கடல் நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாந்தி எடுப்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். ஆனால் பேச்சு குறைந்து, கொட்டாவி விட்டு, கேட்டால் “ஒன்றுமில்லை” என்று சொல்லி ஒடுங்கி உட்கார்ந்திருப்பவரைத்தான் நான் அதிகம் கவனிக்கிறேன். உடல் குளிர்ந்து தளர்ந்துவரும் அவரிடம் முக்கியமான கயிற்றை ஒப்படைக்கக் கூடாது. அவர் தனியே எழுந்து படகோரத்துக்குப் போகவும் விடக் கூடாது.

அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் குழுக்களில் இரண்டு வழக்கங்களைக் கொண்டுவந்தேன். வீச்சின் வேகத்தைக் கணக்கில் கொண்டு, படகு துறையில் கட்டியிருக்கும்போதே ரீஃப் போட்டுவிடுகிறோம். கயிறுகள் தடையின்றி ஓடுகின்றனவா என்று அங்கேயே இழுத்துப் பார்க்கிறோம். காற்று தணிந்தால் பாயை விரிப்பது எளிது. இரண்டாவது, காலைக் கூட்டத்தில் அனுபவம் குறைந்த ஸ்கிப்பரை முதலில் பேசச் சொல்கிறோம். மூத்தவர் முதலில் “போகலாம்” என்று சொல்லிவிட்டால், பிறகு யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அடுத்த முறை அதே முனைக்கு இதே போன்ற காற்றில் புறப்பட இருந்தோம். முதலில் பேசிய பெண், தன் படகில் இருவர் புதியவர்கள் என்பதால் அன்று தாங்கள் வரவில்லை என்றார். அடுத்த ஸ்கிப்பரும் சற்று யோசித்துவிட்டுத் தானும் நின்றுகொள்வதாகச் சொன்னார். மற்ற மூன்று படகுகளும் குறைத்த பாயுடன் கிளம்பின. துறைக்குள் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தன. முனையைச் சுற்றும்போது வீச்சு வந்தது. எங்கள் படகில் யாரும் காக்பிட்டை (படகைச் செலுத்துவோர் அமரும் பள்ளம்) விட்டு எழ வேண்டியிருக்கவில்லை.