போர்மட் பண்ணவா என்று கேட்டால் கையை எடுங்கள்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. கடையைத் திறந்து சாமிப்படத்துக்கு விளக்கேற்றி முடிய முதலே கொக்குவிலில் இருந்து ஒரு அக்கா வந்து நின்றார். கையில் திருநீறு மடித்தது மாதிரி ஒரு கடதாசி. பிரித்தால் உள்ளே மெமரி கார்ட். எங்கள் பக்கம் இதை மெமரி கார்ட் என்று சொல்பவர்கள் குறைவு. சிப் என்றுதான் சொல்வார்கள்.

“தம்பி, மகளின்ர சாமத்தியவீட்டுப் படம் முழுக்க இதுக்குள்ளதான். வீட்டுக் கொம்பியூட்டரில போட்டனான். போர்மட் பண்ணவோ எண்டு கேட்டுது. ஓம் எண்டு குடுத்திட்டன். இப்ப ஒண்டுமில்லை.”

“ஏனக்கா ஓம் குடுத்தனீங்கள்?”

“கேட்டா ஓம் எண்டுதானே சொல்லவேணும்?”

அவரில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் கணினி திருத்தும் கடை நடத்துகிறேன். சிப் கொண்டு வருபவர்களில் பலர் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். விண்டோஸ் அந்தக் கேள்வியைக் கேட்கும் விதம் அப்படி. டிஸ்க்கைப் பாவிக்கமுதல் போர்மட் பண்ணவேண்டும், செய்யவா என்று கேட்கிறது. படிப்பவருக்கு அது ஏதோ வழக்கமான சடங்கு போலத் தெரியும். உண்மையில் கணினி சொல்ல வந்தது, ‘இந்தச் சிப்பில் என்ன எங்கே இருக்கிறது என்ற பட்டியலை என்னால் வாசிக்க முடியவில்லை’ என்பது மட்டும்தான். வாசிக்க முடியாததற்குச் சிப் காரணமாக இருக்கலாம், சிப்பைச் செருகும் ரீடர் காரணமாக இருக்கலாம், வயர் காரணமாக இருக்கலாம். திறப்பு பூட்டுக்குச் சேரவில்லை என்றால் வீட்டை இடித்துக் கட்டவா என்று ஒருவர் கேட்டால் ஓம் என்போமா?

அந்தக் கேள்வி வந்தால் ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு, சிப்பைக் கழற்றி, எடுத்த கமராவிலேயே திரும்பப் போடுங்கள். படம் அங்கே தெரிந்தால் சிப் சுகமாக இருக்கிறது, நோய் வேறெங்கோ. கமராவை யூஎஸ்பி வயரால் நேரே கணினியில் கொழுவி முதலில் படங்களை எடுத்து வைத்துவிடுங்கள். ரீடரை அதற்குப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். அவசரத்தில் பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். படத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு ரீடரோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

சரி, ரீடருக்கு வருவோம்.

என் அனுபவத்தில் வீட்டு டெஸ்க்டொப்பில் முதற் சந்தேகம் முன்பக்க யூஎஸ்பி மீதுதான். பெட்டியின் முன்னால் இருக்கும் ஓட்டைகள் நேரே மதர்போர்ட்டில், அதாவது கணினியின் பிரதான பலகையில், இல்லை. உள்ளே ஒரு மெல்லிய வயர் ஓடி, யூஎஸ்பி 2.0 என்றால் ஒன்பது ஊசி உள்ள ஒரு சின்ன இணைப்பில் போய்க் குத்தியிருக்கும். பெட்டியை இடம் மாற்றும்போது அது தளரும், தூசி அடையும், வயரின் நீளத்தில் கொஞ்ச மின்னும் குறையும். யூஎஸ்பி 2.0 ஓட்டை தருவதே கூடினது 500 மில்லிஅம்பியர். அது அரைகுறையாக வந்தால் ரீடரில் லைட் எரியும், சிப் வாசிக்காது. சில நேரம் பாதி வாசித்துவிட்டு, போர்மட் பண்ணவா என்று கேட்கும். பின்பக்க ஓட்டைகள் மதர்போர்ட்டிலேயே பொருத்தப்பட்டவை. பெட்டியைக் கொஞ்சம் திருப்பி ரீடரைப் பின்னால் குத்திப் பாருங்கள். செலவில்லாத இந்த ஒரு வேலையால் கடைக்கு வராமலே தப்பிய ரீடர்கள் நிறைய. எனக்கு நட்டம்தான், பரவாயில்லை.

பெட்டிக்குள்ளேயே பொருத்திய ரீடர் என்றால், அதாவது முந்தி பிளொப்பி ட்ரைவ் இருந்த இடத்தில் நாலைந்து வாயோடு இருப்பது, அதுவும் அதே ஒன்பது ஊசி இணைப்பில்தான் நிற்கிறது. சுவரில் இருந்து மின்னைக் கழற்றிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்து, அந்த இணைப்பை ஒருக்கால் இழுத்துத் திரும்பக் குத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். மறந்தும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் செய்யாதீர்கள். ஒரு ஊசி தள்ளிக் குத்தினாலும் மதர்போர்ட்டுக்கே ஆபத்து. பக்கத் தகட்டைத் திறந்தால் நீங்கள் எதிர்பார்க்காததும் இருக்கும். இணுவிலில் ஒரு வீட்டில் நான் திறந்தபோது ரீடரின் பின்பக்கத்தில் பல்லி முட்டை இரண்டு, அதைச் சுற்றி எறும்பு வரிசை. சிப் போடும் வாய்க்குள்ளேயே எறும்பு கூடு வைத்திருந்தது. ரீடர் செத்துவிட்டது என்று வீட்டுக்காரர் புதிதுக்குக் காசு எடுத்து வைத்திருந்தார். தூரிகையால் தட்டிக் காயவிட்டவுடன் அது வேலை செய்தது.

குருநகர், ஊர்காவற்துறை, காரைநகர் போன்ற கடற்கரை ஊர்களில் இருந்து வரும் ரீடர்களில் இன்னொன்று உண்டு. லைட்டைப் பிடித்து வாய்க்குள் பார்த்தால் பித்தளை நிறத்தில் மின்னவேண்டிய ஊசிகளில் பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்றின் வேலை. சிப்பின் முதுகில் உள்ள பொன் நிறப் பட்டைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாக ஒரு தரம் தேய்த்து, ஐசோப்ரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும். வாயால் ஊதுவது எல்லோருக்கும் பழக்கம். ஊதும்போது தூசியோடு எச்சில் ஈரமும் உள்ளே போகிறது, பச்சை பூக்க அதுவே போதும். ஒருவர் தையல் மெசினுக்கு விடும் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தார். அதற்கு மருந்தில்லை.

நானும் பிழை விட்டவன்தான். பழைய பெரிய கமராக்களில் வந்த கொம்பக்ட் பிளாஷ் என்ற தடித்த சிப்புக்கு ரீடர் வாய்க்குள் 50 ஊசி இருக்கும். கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவரின் சிப்பை அவசரத்தில் சரிவாக அழுத்தி இரண்டு ஊசியை வளைத்துவிட்டேன். குண்டூசியால் நிமிர்த்த ஒரு மத்தியானம் போனது. அன்றிலிருந்து போகாத சிப்பை நான் தள்ளுவதில்லை.

அடுத்தது, ‘எழுதவும் முடியுதில்லை, அழிக்கவும் முடியுதில்லை’ என்ற முறைப்பாடு. எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் நகர்த்தி இருக்கும். கீழே தள்ளினால் பூட்டு. சின்ன மைக்ரோ சிப்பைப் போடும் உறையிலும் அது உண்டு. பூட்டைப் பற்றிச் சிப்புக்கு ஒன்றும் தெரியாது. ரீடருக்குள் ஒரு சின்னச் சுவிட்ச் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. ஆகவே அந்த நகர்த்தி விழுந்து தொலைந்தால் ரீடர் பூட்டு என்றே எடுத்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செலோரேப் ஒட்டினால் பூட்டுத் திறந்துவிடும். ஒரு ரீடரில் பூட்டு, இன்னொன்றில் பூட்டில்லை என்றால் குற்றவாளி அந்தச் சுவிட்ச்தான். மைக்ரோ சிப்பின் உறையையும் மாற்றிப் பாருங்கள், அது வெறும் வயர் தொடுப்புத்தான், தேய்ந்துபோகும்.

கணினியின் உள்ளே பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். சிப் போடாத வெறும் வாய்களை விண்டோஸ் சும்மா மறைத்து வைக்கும், அதனால் ரீடர் காணாமற்போனதாக எண்ண வேண்டாம். சிப் போட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறவுங்கள். சிப் அங்கே இருந்து, அதற்கு E:, F: போன்ற ட்ரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால், ஓர் எழுத்தைக் கொடுத்தால் சரி. ‘மீடியா இல்லை’ என்று காட்டினால் ரீடருக்குச் சிப் தட்டுப்படவில்லை. ஊசி, பட்டை, இல்லாவிட்டால் சிப்பே போய்விட்டது. அந்தத் திரையில் ‘இனிஷலைஸ்’ என்று கேட்டாலும் ஓம் சொல்லாதீர்கள். அது போர்மட்டின் மூத்த அண்ணன். லப்டொப்பில் உள்ள வாய் விண்டோஸை மாற்றிய பிறகு படுத்துவிட்டால், லப்டொப் செய்த கம்பனியின் இணையத்தளத்தில் உங்கள் மொடலுக்குரிய ட்ரைவரை, அதாவது ரீடரை ஓட்டும் மென்பொருளை, எடுத்துப் போடுங்கள். தேடலில் முதலில் வரும் இலவச ட்ரைவர் தளங்கள் பக்கம் போக வேண்டாம்.

பழைய ரீடரில் புதுச் சிப் போடுவது இன்னொரு கதை. எஸ்டி என்று மட்டும் எழுதியவை 2 ஜிபி வரை. 2006 இல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை. 2009 இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி அதற்கு மேல் 2 டிபி வரை. எஸ்டிஎச்சிக்கு முந்திய காலத்து ரீடர், 16 ஜிபி சிப்பைப் போட்டால் முழிக்கும். எஸ்டிஎக்ஸ்சி சிப்பில் எக்ஸ்ஃபாட் என்ற முறையில் கோப்பு எழுதப்படுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஓடும் வீடுகள் உண்டு, தனியாக ஒரு அப்டேட் போடாவிட்டால் எக்ஸ்பிக்கு அது புரியாது. புரியாவிட்டால் என்ன கேட்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

போன் சிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அன்ட்ரோய்ட் 6 இலிருந்து சில போன்களில் சிப்பைப் போட்டவுடன், இதை எடுத்துக்கொண்டு போகும் சிப்பாக வைக்கவா, போனின் உள் இடமாக்கவா என்று கேட்கும். உள் இடம் என்று கொடுத்தால் போன் அந்தச் சிப்பை மறைகுறி போட்டுத் தன்னோடு கட்டிவிடும். திறப்பு அந்தப் போனுக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றி எந்த ரீடரில் போட்டாலும் கணினி போர்மட் பண்ணவா என்றுதான் கேட்கும். கனடா போகும் அவசரத்தில் ஒரு பெடியன் பழைய போனை ரீசெட் பண்ணி விற்றுவிட்டு, சிப்பை மட்டும் கொண்டுவந்தான். உள்ளே அவன் அம்மம்மாவின் வீடியோக்கள். ரீசெட்டோடு திறப்பும் அழிந்துவிட்டது. நான் ஒன்றும் செய்யமுடியாமல் கையை விரித்த நாள் அது. போன் உயிரோடு இருக்கும்போதே, போனைக் கணினியில் கொழுவிப் படங்களை எடுங்கள்.

போலிச் சிப்பும் உண்டு. திருவிழாக் காலத்து வீதியோரக் கடையில் வாங்கிய 128 ஜிபி. கணினியும் 128 என்றுதான் காட்டும், ஏனென்றால் சிப்புக்குள் உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் பகுதியைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது 8 ஆகவும் இருக்கலாம். முதல் எட்டு வரை எல்லாம் சுகம், அதற்குப் பிறகு எடுத்த படங்கள் பெயரோடு இருக்கும், திறக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் வெறும் சிப்பை நுனிவரை எழுதித் திரும்ப வாசித்து உண்மையைச் சொல்லும். செக்கனுக்கு 20 எம்பி எழுதும் சிப் என்றால் 128 ஜிபிக்கு எழுதவே ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். நல்ல காரியத்துக்குப் படம் எடுக்க முதல் அந்த நேரத்தைச் செலவழியுங்கள்.

படத்தை மாற்றும்போது ‘கட்’ பண்ணாமல் ‘கொப்பி’ பண்ணுங்கள். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின் வெட்டிய காலத்தில் கடைக்கு வந்த சிப்புகளில் கொஞ்சமல்ல, பாதி வழியில் கரண்ட் போனவை. யூபிஎஸ் இல்லாத வீட்டில் கட் பண்ணினால் படம் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று நடுவில் நிற்கலாம். கொப்பி பண்ணி, நாலு படத்தைத் திறந்து பார்த்து, பிறகுதான் கமராவில் வைத்து அழிக்கவேண்டும்.

கொக்குவில் அக்காவின் சிப்புக்கு என்ன ஆனது? ஓம் கொடுத்த பிறகு வேறு ஒன்றும் எழுதாமல் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்தது அவர் செய்த பெரிய நன்மை. வீட்டு விண்டோஸ் வழக்கமாகச் செய்வது விரைவுப் போர்மட். அது பட்டியலைத்தான் புதுப்பிக்கிறது, படங்கள் இருந்த இடத்தில் கைவைப்பதில்லை. ‘விரைவு’ என்பதற்குப் பக்கத்தில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டுப் போர்மட் பண்ணியிருந்தால் முழுக்கப் பூச்சியம் எழுதியிருக்கும், பிறகு கதையே இல்லை. நகர்த்தியைப் பூட்டில் வைத்து, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, மீண்டதை எல்லாம் வேறு ஹார்ட் டிஸ்க்கில் எழுதினேன். படங்கள் அனேகமாக எல்லாம் வந்தன, பெயர் போய் வெறும் இலக்கங்களாக. வீடியோவில் இரண்டு வரவில்லை. பெரிய கோப்பு துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் எழுதப்பட்டிருந்தால் அதை ஒட்டுவது கஷ்டம். வராத ஒன்றில் ஆலாத்தி எடுப்பது இருந்ததாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கதிரையில் இருந்துவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை தொலைபேசி வந்தது.

“தம்பி, திரும்பவும் கேக்குது, போர்மட் பண்ணவோ எண்டு. நான் கையை எடுத்துக்கொண்டு இருக்கிறன்.”

“ரீடர் எங்க அக்கா குத்தியிருக்கிறீங்கள், முன்னுக்கோ பின்னுக்கோ?”

“முன்னுக்குத்தான். எப்பவும் முன்னுக்குத்தான்.”

“கழட்டிப் பின்னுக்குக் குத்துங்கோ.”

பெட்டியை மேசையில் இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் யாரையோ லைட் பிடிக்கச் சொன்னார்.

“ஓ, இப்ப வருது. பிள்ளை நிக்கிறாள் படத்தில.”

“முதல்ல எல்லாத்தையும் கொப்பி பண்ணுங்கோ அக்கா.”