தேவதைக் கதையா, மாயக் கதையா?

‘ஃபேரி டேல்’ என்றால் தமிழில் ‘தேவதைக் கதை’ என்று எழுதிப் பழகிவிட்டோம். சரி, ஸ்னோ ஒயிட் கதையில் தேவதை எங்கே வருகிறாள்? பேசும் கண்ணாடி உண்டு, பொறாமை பிடித்த ராணி உண்டு, குள்ளர்கள் ஏழு பேர் உண்டு. தேவதை மட்டும் இல்லை.

பெயர் பிரான்சிலிருந்து வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மேடம் தோல்னுவா 1697-இல் வெளியிட்ட தொகுப்புக்கு ‘லே கோந்த் தே ஃபே’, அதாவது ‘ஃபேக்களின் கதைகள்’ என்று பெயர் வைத்தார். ‘ஃபே’ என்றால் மாய சக்தி கொண்ட பெண். பாரிஸ் சீமாட்டிகளின் வரவேற்பறைகளில் இப்படிக் கதை சொல்வது அப்போது பெரிய மோகம். அந்தப் பெயர்தான் ஆங்கிலத்துக்குப் போய் ‘ஃபேரி டேல்’ ஆனது. ‘ஃபே’யின் வேர் லத்தீனில் விதியைக் குறிக்கும் ‘ஃபாட்டா’. பழைய பிரெஞ்சில் ‘ஃபேரி’ என்றால் ஆள் அல்ல; மாயம், மாய உலகம். சிறகு முளைத்த குட்டிப் பெண் உருவமெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

வேறு சில மொழிகளில் இந்தக் குழப்பமே இல்லை. ஜெர்மானியரின் ‘மேர்ஷன்’ சிறு செய்தி, சிறு கதை என்ற பொருளில் பிறந்தது. ரஷ்யரின் ‘ஸ்காஸ்கா’ சொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்தது. ஜப்பானியரின் ‘முகாஷிபனாஷி’ அந்தக் காலத்துக் கதை, அவ்வளவுதான். ஒரு நாட்டுப் பிரபுக்களின் மோகத்துக்கு வைத்த பெயரை உலகத்துக்கே பொதுவாக்கியதில்தான் சிக்கல்.

‘இது யார் ஊர்க் கதை?’ என்ற சண்டையும் புதிதல்ல. ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்கள் 1812-இல் முதல் தொகுதியை வெளியிட்டபோது அவர்கள் இருந்த காசல் நகரம் நெப்போலியனின் தம்பி ஆட்சியில் இருந்தது. ஜெர்மன் மக்களின் குரலைத் தேடிப் போனவர்களுக்குக் கதை சொன்னவர்களில் சிலர் பிரெஞ்சு வம்சாவளியினர்! ‘பூட்ஸ் போட்ட பூனை’ பிரெஞ்சு வாடை அடிக்கிறது என்று அடுத்த பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள்.

அனிமேஷன் படங்கள் இந்தச் சண்டையை அப்படியே வாங்கிக்கொண்டன. அலாவுதீனை எடுத்துக்கொள்ளுங்கள். சிரியாவின் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் பாரிஸில் சொல்ல, பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான் பிரெஞ்சில் எழுதிய கதை அது. கதை நடக்கும் இடமோ சீனா! 1992-இல் டிஸ்னி இதைப் படமாக்கியபோது எந்த வரைபடத்திலும் இல்லாத அக்ரபா என்ற நகரை உருவாக்கியது. யாருக்கும் சொந்தமில்லாத ஊர் என்றால் யாருக்கும் மனம் நோகாது என்று நினைத்திருக்கலாம். ஆனால் தொடக்கப் பாட்டின் வரிகளை அரபு அமெரிக்கர்கள் எதிர்க்க, வீடியோவாக வந்தபோது அவற்றில் சிலவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. ஊர்ப் பெயர் கற்பனையாக இருந்தாலும், தலைப்பாகையும் ஒட்டகமும் யாரைக் காட்டுகின்றன என்பது பார்ப்பவருக்குத் தெரியாதா?

நேர் எதிர் வழியில் போனவர் ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் இசாவோ தகஹாதா. மூங்கிலுக்குள் கிடைத்த பெண்ணின் பழைய ஜப்பானியக் கதையை 2013-இல் ‘இளவரசி ககுயா’வாக எடுத்தார். கோடும் வண்ணமும் உடையும் சடங்கும் எல்லாமே அந்த மண்ணுக்கு உரியவை. வெளிநாட்டாருக்காக அவர் எதையும் நீர்க்கவிடவில்லை. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல்வரை அது போனது. கதையின் எலும்புக்கூடு எல்லா நாட்டுக்கும் பொது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வெறும் எலும்புக்கூட்டைத் திரையில் காட்ட முடியாது. அதற்கு ஏதோ ஒரு ஊரின் சதை வேண்டும்.

அப்புறம், தமிழ்ச் சொல். என் ஓட்டு ‘மாயக் கதை’க்கு. ‘ஃபேரி’யின் பழைய பொருளும் மாயம்தான் என்பதால் இது வேருக்கும் பொருந்துகிறது, ஓநாய், பூனை, ககுயா எல்லாருக்கும் இதில் இடமிருக்கிறது. ‘தேவதை’யில் இன்னொரு தொல்லையும் உண்டு. கிராம தேவதை, வன தேவதை என்று நமக்கு அது வணங்கும் தெய்வம். மந்திரக்கோல் பிடித்தவள் அல்ல. சிண்ட்ரெல்லாவுக்கு வண்டி தருகிறாளே, அவளை வேண்டுமானால் தேவதை என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் வரும் கதை மாயக் கதை. அதைப் படமாக எடுத்தால் மாயக் கதைப் படம்.