பாளையங்கோட்டை வெயிலில் ஒரு டேப்லெட்

கல்லூரி திறக்கும் சமயம் பாளையங்கோட்டையில் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஓடும்: “லேப்டாப் எதுக்கு? பாதி விலைக்கு டேப் வாங்கி ஒரு கீபோர்டு மாட்டிக்கிட்டா பத்தாதா?”

பத்துமா பத்தாதா என்பதில் பாதி, நம் ஊர் வெயிலின் கையில் இருக்கிறது.

முதலில், குறைந்த மின்சாரத்தில் ஓடும் சில்லு (கருவியின் மூளையான சிப்) என்றாலே மந்தம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சில்லின் மின்செலவு அதன் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாக ஏறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால், மின்னழுத்தத்தையும் கிட்டத்தட்ட அதே அளவு குறைக்க இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்துக்கு ஒரு 0.8, வர்க்கம் என்பதால் மின்னழுத்தத்துக்கு இரண்டு 0.8: 0.8 × 0.8 × 0.8 = 0.512. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால் செலவு பாதியாகிவிடுகிறது! டேப்பில் இருக்கும் ஆர்ம் வகைச் சில்லுகள் இந்தச் சிக்கனத்துக்குப் பேர் போனவை. 1985இல் கேம்பிரிட்ஜில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் உருவாக்கிய முதல் ஆர்ம் சில்லைச் சோதித்தபோது, மின் இணைப்பு கொடுக்காமலே அது ஓடிக்கொண்டிருந்ததாம். மற்ற இணைப்புகள் வழியாகக் கசிந்த மின்சாரமே அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது. ஆப்பிளின் எம்1 சில்லும் இந்த வம்சம்தான். 2020இல் லேப்டாப்பில் வந்தது, 2021இல் அதே சில்லு ஐபேடிலும் ஏறிவிட்டது.

அப்புறம் எங்கேதான் இடிக்கிறது? சூட்டில்.

சில்லு தின்னும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். டேப்பில் ஃபேன் கிடையாது. அதன் முதுகும் திரையும்தான் வழி. அவை நம் கையைச் சுடவும் கூடாது. 43 டிகிரி வரை விடலாம் என்று கொள்வோம். 25 டிகிரி ஏசி அறையில் முதுகுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் 18 டிகிரி. அக்கினி நட்சத்திரத்தில் 38 டிகிரி மாடி அறையில் அது வெறும் 5. வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதால், டேப் தொடர்ந்து செலவழிக்கக்கூடிய வாட் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். உடனே சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பே 35 டிகிரிதான். மே மாதத் திருநெல்வேலியை மனதில் வைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஃபேன் வைத்த லேப்டாப்பில் கதை வேறு. உள்ளே சில்லு 90 டிகிரியில் கொதித்தாலும் அது நம் கைக்கு எட்டாது. ஃபேன் அந்தச் சூட்டை ஓரமாக ஊதித் தள்ளிவிடும். வித்தியாசம் ஏசியில் 65, வெயிலில் 52. இழப்பு ஐந்தில் ஒரு பங்குதான்.

ஆனால் இந்தக் கணக்கு நீண்ட நேர வேலைக்குத்தான் பொருந்தும். பிடிஎஃப் படிப்பது, வகுப்பு வீடியோ பார்ப்பது, கடிதம் அடிப்பது எல்லாம் சில்லுக்கு நொடி நேர வேலைகள். முடித்துவிட்டுத் தூங்கப் போய்விடும். இதற்கு டேப் தாராளம். கரண்ட் போனாலும் சின்னச் சார்ஜரை இன்வெர்ட்டரில் மாட்டிச் சமாளிக்கலாம். ஒரு மணி நேர வீடியோவை எடிட் செய்து முழு வீடியோவாக வெளியே எடுப்பதற்கு டேப் ஆகாது.

மென்பொருள் விஷயத்தில் வாதமே இல்லை. கடைக் கணக்கை டேலியில் போடுகிறவருக்கு விண்டோஸ் வேண்டும், ஆண்ட்ராய்டு டேப் உதவாது. நினைவகம் 4 ஜிபி என்றால் இன்னொரு தொல்லை: பிரவுசரில் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பினால், இடம் போதாமல் ஆண்ட்ராய்டு அதை மூடியிருக்கும். பக்கம் முதலிலிருந்து திறக்கும்.

டேப்தான் என்று முடிவு செய்தால், வண்ணார்பேட்டை ஷோரூமின் ஏசியில் ஐந்து நிமிடம் தடவிப் பார்த்ததை நம்ப வேண்டாம். அதே மாடலை வைத்திருக்கும் யாரிடமாவது, மத்தியானம் ஏசி இல்லாத அறையில் கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தைக் கவனியுங்கள்.