காட்டுக் காபன் திட்டம்: சாத்தியவள ஆய்வின்போதே கிராமம் கேட்க வேண்டியவை

2030 ஆம் ஆண்டளவில் நாட்டின் காட்டுப் பரப்பை 29 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாக உயர்த்துவதாக இலங்கை, காலநிலை மாற்றம் தொடர்பான பரிஸ் உடன்படிக்கையின் கீழ் உறுதியளித்துள்ளது. காடழிப்பைத் தடுத்து, காபனைக் காட்டிலேயே தேக்கிவைத்து, அதற்காக நிதி பெறும் ‘ரெட் பிளஸ்’ முறைக்கான ஆயத்தப் பணிகளும் ஐக்கிய நாடுகளின் உதவியுடன் 2013 முதல் 2017 வரை இங்கு நடைபெற்றன. இவை பற்றிய தீர்மானங்கள் கொழும்பிலும் பத்தரமுல்லையிலும் எடுக்கப்பட்டாலும், அவற்றின் விளைவைச் சுமப்பவர்கள் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காட்டோரம் வாழும் குடும்பங்களே.

ஒரு காட்டில் இத்தகைய திட்டம் பயன் தருமா என்று முன்கூட்டியே கணிப்பது சாத்தியவள ஆய்வாகும். மாதிரி நிலத்துண்டுகளிலுள்ள மரங்களின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அளந்து, அதைக்கொண்டு மரத்தின் உலர் நிறையைக் கணக்கிடுவர். அந்நிறையில் ஏறக்குறையப் பாதி காபன்; ஒரு தொன் காபன் ஏறத்தாழ 3.67 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். சிறிது பயிற்சி கிடைத்தால் கிராமத்தவரே இந்த அளவீட்டைச் செய்துவிடலாம்.

கடினமானது அடுத்த கணக்கு. திட்டம் இல்லாதிருந்தால் அக்காடு எவ்வளவு அழிந்திருக்கும் என்பதை நிறுவினால்தான் தேக்கிய காபனுக்கு விலை கிடைக்கும். சேனைப் பயிர்ச்செய்கை, விறகு எடுத்தல், மாடு மேய்த்தல் ஆகியவை அழிவுக்கான காரணங்களாகப் பதியப்படுவது இங்குதான். பின்னர் விதிக்கப்படும் தடைகளுக்கும் இப்பதிவே ஆதாரமாகிவிடக்கூடும். ஒரு காட்டில் தடைவிதித்தால் மக்கள் விறகுக்கு எந்தக் காட்டை நாடுவார்கள், அங்கு எவ்வளவு அழிவு ஏற்படும் என்பதை அவ்வூரார்தான் சரியாகச் சொல்வார்கள். அவர்களைக் கேளாமல் தயாரிக்கப்படும் ஆய்வு நியாயமற்றது மட்டுமன்று, அதன் கணக்கும் பிழைத்துவிடும் என்பதே என் உறுதியான கருத்து.

இலங்கையின் இயற்கைக் காடுகளில் பெரும்பகுதி அரசுக்குரியது என்பதால், காபன் வருமானம் தானாகக் கிராமத்தைச் சென்றடையாது. யாருக்கு எவ்வளவு பங்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, காட்டுத்தீயால் மரங்கள் அழிந்தால் இழப்பு யாருடையது என்பனவற்றை எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். உள்ளூர்ச் சமூகங்களின் அறிவையும் உரிமைகளையும் மதித்து, அவர்களை முழுமையாகப் பங்குபெறச் செய்யவேண்டும் என்பது 2010 இல் மெக்சிகோவின் கான்கூனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் ரெட் பிளஸ் முறைக்கென ஏற்கப்பட்ட நிபந்தனை.

அரச நிறுவனமொன்றிடம் ஆய்வறிக்கை இருப்பின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அதைக் கோரலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்; காரணம் கூறத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.