தானியம் இல்லாத தின்பண்டமும் வயிற்றை உப்பச் செய்வது ஏன்?

நார்வே நாட்டில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், குளூட்டன் உள்ள உணவுகளைத் தாமாகவே விலக்கிவந்த 59 பேருக்குத் தின்பண்டக் கட்டிகள் உண்ணக் கொடுக்கப்பட்டன. குளூட்டனால் சிறுகுடல் சிதையும் செலியாக் நோய் அவர்களில் எவருக்கும் இல்லை என்பது முன்னரே உறுதிசெய்யப்பட்டிருந்தது. ஒரு வகைக் கட்டியில் கோதுமையின் புரதமான குளூட்டனும், மற்றொன்றில் கோதுமையில் இயல்பாகவே இருக்கும் ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டும் கலக்கப்பட்டிருந்தன. மூன்றாவதில் இவை இரண்டுமே இல்லை. எதில் எது இருக்கிறது என்று தெரியாமலேயே ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையையும் ஏழு நாட்கள் உண்டார்கள். குளூட்டன் உண்ட வாரத்துக்கும் ஒன்றும் கலக்காத கட்டியை உண்ட வாரத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. வயிற்று உப்புசமும் உபாதையும் மிகுந்தது ஃபிரக்டான் உண்ட வாரத்தில்தான்.

உணவு எளிதில் ஒத்துக்கொள்ளாத வீடுகளில் தானியம் இல்லாத தின்பண்டங்களைத் தேடுவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுவே என்று நான் கருதுகிறேன். பலரது வயிறு மறுப்பது தானியத்தை அன்று. தானியங்கள் சிலவற்றில் உள்ள, குடலால் செரிக்க முடியாத ஒரு சிறு பகுதியை மட்டுமே. அந்தப் பகுதி தானியமே சேராத பண்டங்களிலும் தாராளமாக இருக்கக்கூடும்.

ஃபிரக்டான் என்பது பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸின் மூலக்கூறுகள் கோத்து உருவான சங்கிலி. அந்தக் கோவையை அவிழ்க்கும் நொதி மனிதரின் சிறுகுடலில் இல்லை. ஆகவே நாம் உண்ணும் ஃபிரக்டான் ஏறத்தாழ அப்படியே பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்கு வாழும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்யும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலரது குடலில் மீத்தேனும் உருவாகின்றன. ஃபிரக்டோஸ், பால் சர்க்கரையான லாக்டோஸ், சார்பிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் ஆகிய இன்னும் சிறிய மூலக்கூறுகள் உறிஞ்சப்படாமல் தங்கிவிட்டால், வாயு உருவாவதற்கு முன்பே சிறுகுடலுக்குள் நீரை இழுத்து அதை நிரப்பிவிடுகின்றன. இவை அனைத்தையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்து, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூசன் ஷெப்பர்டும் 2005இல் ஃபாட்மாப் என்ற பெயரை வழங்கினார்கள்.

கோதுமை, ரை, பார்லி ஆகியவற்றில் ஃபிரக்டான் நிறைய உண்டு. அரிசியில் அது அநேகமாக இல்லை. அரிசியின் மாவுச்சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே குளுக்கோஸாக உடைந்து உறிஞ்சப்பட்டுவிடும். எனவே தானியம் எல்லாவற்றையும் ஒரே குற்றத்துக்காக ஒதுக்குவதற்கு அறிவியல் துணைநிற்பதில்லை. அப்படியிருந்தும் ஒரு குடும்பம் தன் அனுபவத்தினாலோ மருத்துவரின் அறிவுரையினாலோ தானியமின்றி உண்ண முடிவுசெய்திருந்தால், அடுத்து எழ வேண்டிய கேள்வி, அகற்றப்பட்ட தானியத்தின் இடத்தில் என்ன வந்து அமர்ந்திருக்கிறது என்பதுதான்.

உறையில் 'தானியம் இல்லாதது' என்று அச்சிடப்பட்ட ஒரு கட்டியின் உட்பொருட்களைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். துகள்களைப் பிணைப்பதற்குப் பேரீச்சையும் தேனும், மாவுக்கு மாற்றாக முந்திரித் தூளும் கொண்டைக்கடலை மாவும், நார்ச்சத்தின் அளவை உயர்த்திக் காட்டுவதற்குச் சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலினும், சர்க்கரையைக் குறைப்பதற்கு மால்டிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் அதில் இடம்பெற்றிருக்கக்கூடும். இனுலின் என்பதே ஒரு ஃபிரக்டான்தான். கோதுமையை விலக்கிவிட்டு அதே பொருளைச் செறிவாகச் சேர்ப்பதற்கு ஒப்பான செயல் இது. தேனில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் மிகுதி. ஃபிரக்டோஸை உறிஞ்சுவதற்குச் சிறுகுடலுக்கு இருக்கும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. உடன் குளுக்கோஸும் சம அளவில் வரும்போது அது எளிதாக உறிஞ்சப்படுகிறது, தனித்து மிஞ்சும்போது குடலிலேயே தங்கிவிடுகிறது. ஆப்பிளிலும் பேரிக்காயிலும் மிகுதியான ஃபிரக்டோஸுடன் சார்பிட்டாலும் சேர்ந்தே இருப்பதால், ஆரோக்கியமானது என்று நம்பிக் கொடுக்கும் ஒரு கிண்ணம் ஆப்பிள் துண்டுகள்கூடச் சில குழந்தைகளின் வயிற்றைக் கலக்கிவிடுகின்றன.

பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உள்ளன. இவற்றை உடைக்கும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதியும் நம் சிறுகுடலில் இல்லை. ஆனால் இவை நீரில் கரைபவை. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் வேகவைத்து, அந்த நீரையும் வடித்துவிட்டால் இவற்றின் ஒரு பகுதி நீரோடு வெளியேறிவிடும். கொண்டைக்கடலையை மாவாக அரைத்துச் செய்யும் பண்டத்தில் அந்த வாய்ப்பு இல்லை. ஒரே கடலை ஒரு வடிவத்தில் ஒத்துக்கொண்டு மற்றொரு வடிவத்தில் ஒத்துக்கொள்ளாமல் போவதை வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிடுவது சரியன்று.

அளவும் அதே அளவு முக்கியமானது. மோனாஷ் குழுவினரின் அளவீட்டின்படி பத்துப் பாதாம்பருப்பு பெரும்பாலோருக்குத் தொல்லை தராத அளவு. அதுவே இருபது ஆகும்போது தொல்லை தரும் எல்லையை எட்டிவிடுகிறது. பாதாம் மாவில் செய்த ஒரு சிற்றப்பத்துக்குள் எத்தனை பருப்புகள் ஒளிந்திருக்கின்றன என்பதைக் கண்ணால் எண்ண முடியாது. முந்திரியும் பிஸ்தாவும் குறைந்த அளவிலேயே சிக்கல் தரக்கூடியவை. நிலக்கடலையும் அக்ரூட்டும் அவற்றைவிடச் சாதுவானவை. வாழைப்பழத்திலோ நாள்தான் கணக்கு: கெட்டியான பழத்தைவிட நன்கு கனிந்து புள்ளி விழுந்த பழத்தில் ஃபிரக்டான் கூடுதலாக இருக்கிறது.

ஒரே பண்டத்தை உண்ட இருவரில் ஒருவர் துடிக்க, மற்றவர் இயல்பாக இருப்பது ஏன்? இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. படங்களின் வழியே இதற்கு விடை தேடி 2017இல் வெளியிட்டார்கள். ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இனுலின் கொடுத்துப் பார்த்தபோது, இரு சாராரின் பெருங்குடலிலும் வாயு ஏறத்தாழ ஒரே அளவில்தான் சேர்ந்தது. வலியும் உப்புசமும் மட்டும் முதல் சாராருக்கே மிகுதியாக இருந்தன. குடல் விரிவதை அவர்களது நரம்புகள் கூர்மையாக உணர்கின்றன. ஆகவே வயிறு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையிடம், 'உன் அண்ணனும் அதையேதானே தின்றான்' என்று வாதிடுவதில் பொருளில்லை. வலி மெய்யானது.

இத்தனையையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தால், கட்டுகளில் அடைத்து வருபவற்றைவிட எளிய பொருட்களே முன்னிற்கின்றன. வேகவைத்த முட்டையில் நொதிக்கக்கூடிய சர்க்கரை அநேகமாக இல்லை. நெடுநாள் முதிரவைத்த பாலாடைக்கட்டியில் லாக்டோஸ் மிகச் சொற்பம். தயிரில் அது ஓரளவு இருந்தாலும், அதிலுள்ள பாக்டீரியாக்களின் நொதி அதை உடைக்க உதவுகிறது. கேரட், ஆரஞ்சு, கெட்டியான வாழைப்பழம், தோலுடன் சுட்ட உருளைக்கிழங்கு, ஒரு கைப்பிடி நிலக்கடலை, பூசணி விதை ஆகியவையும் நல்ல தேர்வுகள். தானியத்தை விலக்கும்போது நார்ச்சத்தும் குறைந்து மலச்சிக்கல் உண்டாவது வழக்கம் என்பதால், தோலுடன் உண்ணும் கிழங்குக்கும் விதைகளுக்கும் நான் தனி மதிப்பு தருகிறேன். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பருப்புகளை முழுதாகத் தரக் கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. மென்மையாக அரைத்த விழுதாகவே தர வேண்டும்.

செலியாக் நோய் உள்ளவரின் நிலை முற்றிலும் வேறு. அங்கு குளூட்டனின் துணுக்குகள் நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிச் சிறுகுடலின் உட்சுவரையே சிதைக்கின்றன. சிறு துகளும் தீங்கு செய்யும். தானியம் சேர்க்காத பண்டமும் கோதுமை அரைத்த இயந்திரத்தில் உருவாகியிருக்கலாம் என்பதால், அவர்கள் தேட வேண்டியது 'குளூட்டன் இல்லாதது' என்ற குறிப்பையே. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் குளூட்டன் இருக்க வேண்டும் என்பது அதற்கான பன்னாட்டு உணவுத் தர அளவு. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த நோய்க்கான இரத்தப் பரிசோதனையைத் தானியத்தை நிறுத்துவதற்கு முன்பே செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். சரியான விடை கிடைக்க வேண்டுமானால் குறைந்தது ஆறு வாரங்களுக்குக் குளூட்டன் உணவை மறுபடியும் தினமும் உண்ண நேரிடும். எடை குறைதல், மலத்தில் இரத்தம், பிள்ளையின் வளர்ச்சி தடைப்படுதல் ஆகியவை தென்பட்டால், தின்பண்டத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அந்த நோய் இல்லை என்று தெளிவான பின், விலக்கியவற்றை மீண்டும் சேர்த்துப் பார்ப்பதே முறை. ஃபாட்மாப் குறைந்த உணவை இரண்டு முதல் ஆறு வாரங்களுக்கு மேல் நீட்டிக்கக் கூடாது. பிள்ளைகளின் விஷயத்தில் உணவியல் வல்லுநரின் துணையின்றி அதைத் தொடங்கவே கூடாது. வயிறு அமைதியடைந்த பிறகு ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற உணவுகளை மாற்றாமல், மூன்று நாட்களில் அதன் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி உண்டு, ஒவ்வொரு நாளின் நிலையையும் எழுதிவைக்க வேண்டும். முந்திரி தாயின் வயிற்றை உப்பச் செய்யலாம். மகனுக்கோ தேன் மட்டுமே ஆகாமல் போகலாம். அப்போது தாயின் கிண்ணத்தில் நிலக்கடலையும் மகனின் கிண்ணத்தில் முந்திரியும் இருக்கட்டும்; ஒருவருக்கு ஆகாத ஒன்றை வீடு முழுவதும் விட்டுவிட வேண்டிய தேவை இல்லை.